கம்ப்யூட்டர் ஏன் நின்று போகிறது?

 

இன்று கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது என்னென்ன அதிசயம் செய்கிறது என்று சொல்லப் போவதில்லை. அது ஏன் திடீரென்று நின்று போகிறது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கிறோம். வங்கியில் பணம் எடுக்கிறோம். சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை எல்லாவற்றுக்கும் சேவை மையத்துக்குப் போகிறோம். எங்கும் கம்ப்யூட்டர்தான். "மிஷின் சரியில்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால் நமக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. மனுவுக்கு அன்றே கடைசி நாள் என்றால் இன்னும் கஷ்டம். நம் மகளிர் குழுக்களில் சிலர் கணக்கையே கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்கள். அது போனால் குழுவின் கணக்கே போய்விடும் அல்லவா?

நீங்கள் எழுதப் பழகியது சிலேட்டில். பிறகு நோட்டுக்கு வந்தீர்கள். கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் ஒரு சிலேட்டு இருக்கிறது, ஒரு நோட்டும் இருக்கிறது. சிலேட்டுக்கு ராம் என்று பெயர். நோட்டுக்கு ஹார்ட் டிஸ்க் என்று பெயர். நீங்கள் விசைகளைத் தட்டும்போது எழுத்துகள் முதலில் சிலேட்டில்தான் விழுகின்றன. கரண்டு போன அந்த நொடியே சிலேட்டு அழிந்துவிடும். நோட்டில் எழுதியது அழியாது. 'சேவ்' செய்வது என்றால் என்ன? சிலேட்டில் இருப்பதை நோட்டில் எழுதி வைப்பதுதான். அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு மனுவை அடித்து, சேவ் செய்யாமல் விட்டால், கரண்டு போனதும் அத்தனையும் போய்விடும். நாலு வரி அடித்ததும் ஒரு முறை சேவ் செய்யுங்கள். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு 'எஸ்' விசையைத் தட்டினால் போதும்.

சிலேட்டு சிறியது. ஒரே நேரத்தில் பத்து வேலையைத் திறந்து வைத்தால் அதில் இடம் இருக்காது. அப்போது கம்ப்யூட்டர் மெதுவாகப் போகும். பிறகு அசையாமல் நிற்கும். 'ஹேங் ஆகிவிட்டது' என்று சொல்கிறார்களே, அது பல நேரம் இதுதான்.

அடுத்தது மின்சாரம். நம் வீட்டுக்கு வர வேண்டிய மின்சாரம் 230 வோல்ட். பல ஊர்களில் அது ஏறும், இறங்கும். பல்பு மங்கினால் நாம் சகித்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் அப்படிச் சகிக்காது. நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால், அந்தப் பக்கமே கிழிந்த மாதிரி ஆகிவிடும். பிறகு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே மறுக்கலாம். இதற்காகத்தான் யு.பி.எஸ். என்ற பெட்டி. கரண்டு போனதும் அது தன் பாட்டரியிலிருந்து சில நிமிடம் மின்சாரம் கொடுக்கும். அந்தச் சில நிமிடம் தொடர்ந்து வேலை செய்வதற்கு அல்ல. சேவ் செய்து, ஒழுங்காக அணைப்பதற்கு. யு.பி.எஸ். பாட்டரிக்கும் வயது உண்டு. சில ஆண்டுகளில் அது கெட்டுவிடும். பல மையங்களில் யு.பி.எஸ். அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது!

மூன்றாவது சூடு. கம்ப்யூட்டருக்குள் ஒரு சிறிய மின்விசிறி சுற்றுகிறது. தூசு அடைத்தால் அது சுற்றாது. உள்ளே சூடு ஏறும். சூடு அளவுக்கு மேல் போனால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே அணைந்துவிடும். மத்தியானம் மட்டும் நின்று போகிற கம்ப்யூட்டர் என்றால், முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள். தூசு படக்கூடாது என்று சிலர் ஓடுகிற கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடுகிறார்கள். அது மூச்சை அடைக்கிற வேலை. அணைத்துச் சூடு ஆறிய பிறகுதான் மூட வேண்டும். சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சுத்தம் செய்ய வேண்டுமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். ஈரத் துணி கூடாது. உள்ளே மின்சாரம் வந்து சேரும் ஒரு மூடிய பெட்டி இருக்கும். அதை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கும்.

வைரஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கிருமி அல்ல. கெட்ட எண்ணத்தோடு மனிதர்கள் எழுதிய கட்டளை. கண்டவர்களின் பென் டிரைவைச் செருகினால் அதன் வழியே வரலாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ஒன்று உலகம் முழுவதும் பரவியது. கம்ப்யூட்டரில் இருப்பதைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. ஆந்திரப் பிரதேசத்தில் காவல்துறையின் சில கம்ப்யூட்டர்களும் அதில் மாட்டின. அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வந்திருந்தது. அந்தத் திருத்தத்தைப் போட்டவர்கள் தப்பினார்கள். இந்தத் திருத்தத்துக்குத்தான் 'அப்டேட்' என்று பெயர்.

அப்டேட்டே கெடுதல் செய்ததும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது. அதில் ஒரு கோப்பில் பிழை. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பார்த்தீர்களா? அன்றைக்குக் காகிதமும் பேனாவும்தான் கை கொடுத்தன. ஆனாலும் அப்டேட் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். போடாமல் இருப்பதில்தான் ஆபத்து அதிகம்.

சரி, நின்று போனால் என்ன செய்வது? பதற வேண்டாம். தட்டவும் வேண்டாம். ஐந்து நிமிடம் பொறுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பட்டியல் வரும். எந்த வேலை சிக்கிக்கொண்டதோ அதை மட்டும் மூடலாம். அதுவும் நடக்கவில்லை என்றால் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். அணைந்துவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி போடுங்கள். பாதி நோய் இதிலேயே தீரும். திரையில் எழுத்து வந்தால் அப்படியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். பழுது பார்ப்பவருக்கு அது டாக்டருக்குச் சொல்லும் அறிகுறி மாதிரி.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. உடனே உள்ளதை வேறு இடத்தில் நகல் எடுங்கள். குழுக் கணக்கு எப்போதும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை காகிதத்தில் அச்சிட்டுத் தலைவியின் வீட்டில் வையுங்கள்.

'சர்வர் டவுன்' என்றால் வேறு விஷயம். கடையில் உள்ள கம்ப்யூட்டர் நன்றாகவே இருக்கும். தூரத்தில் உள்ள பெரிய கம்ப்யூட்டரோ, நடுவில் உள்ள இணைப்போ நின்றிருக்கும். கடைக்காரரைத் திட்டிப் பயன் இல்லை. ஆனால் உங்கள் மனு போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தால் ஒரு எண் வரும். அந்த எண் இல்லாமல் திரும்பாதீர்கள்.

ஏ.டி.எம். பாதியில் நின்று, பணம் வராமலே கணக்கில் கழிந்துவிட்டதா? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்கு ஒரு விதி போட்டது. மறு நாளிலிருந்து எண்ணி ஐந்து நாளுக்குள் வங்கியே பணத்தைக் கணக்கில் திரும்பப் போட வேண்டும். தாமதம் ஆனால், ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். வந்த சீட்டை வைத்திருங்கள். சீட்டு வரவில்லை என்றால் இடம், தேதி, நேரம், தொகை இந்த நான்கையும் எழுதிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். மனுவை நீங்களே எழுதலாம்.