சிலந்தி போடும் வெள்ளைக் கோலம்

தோட்டத்துச் செடிகளுக்கு நடுவே, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, தலைகீழாகத் தொங்கும் ஒரு சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். ஆர்ஜியோப்பி இனம் அது. வலையின் நடுவில், பெருக்கல் குறி போல வெள்ளைப் பட்டைகளை நெளிநெளியாக நெய்திருக்கும். எதற்காக?

வலைக்கு உறுதி தரத்தான் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் அந்தப் பட்டை வலையோடு லேசாகத்தான் ஒட்டியிருக்கிறது. அது புற ஊதா ஒளியைப் பிரதிபலித்துப் பூச்சிகளை ஈர்க்கிறது என்றார்கள் வேறு சிலர்.

1983இல் ஐஸ்னர், நோவிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அழகான ஒரு சோதனை செய்தார்கள். வெறும் வலைகளில் செயற்கைப் பட்டைகளைப் பொருத்தினார்கள். பறவைகள் பறக்கும் அதிகாலையில் வெறும் வலைகள் நிறையக் கிழிந்தன. பட்டை வைத்தவை பெரும்பாலும் தப்பின. பறவை பார்த்து விலகிப் போகிறது!

1999இல் இன்னோர் ஆய்வு: பட்டை உள்ள வலையில் பூச்சிகள் குறைவாகவே சிக்கின. கொஞ்சம் இரையை இழந்தாவது வலையைக் காத்துக்கொள்கிறது சிலந்தி. எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால், பகலிலும் வலையை விரித்து வைத்திருக்கும் சிலந்திகளே பெரும்பாலும் இப்படி நெய்கின்றன.