முதியோரின் பாதையிலுள்ள தொல்லையை அகற்றுவோம்

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

மனிதனைப் பலவீனத்தில் படைத்து, பின்னர் பலத்தை அளித்து, அதன் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் தானே என சூரா ரூமில் (30:54) அல்லாஹ் அறிவிக்கின்றான். அந்த இரண்டாவது பலவீனத்தில் நம் பெற்றோர் இருக்கின்றனர். அவர்களை ஒரு சுடுசொல்லாலும் நோகடிக்கக் கூடாது என்பது இறைக்கட்டளை (17:23). நாவைக் காக்கும் நாம், அவர்களின் கால் வழுக்காமல் காக்கின்றோமா?

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பது நபிமொழி. தெருவில் கிடக்கும் முள்ளை அகற்றுகின்றோம். உம்மாவின் கட்டிலிலிருந்து குளியலறை வரையுள்ள பாதையை நாம் பார்ப்பதில்லை. சோப்பு படிந்த தரை, ஓரம் சுருண்ட விரிப்பு, தேய்ந்த ரப்பர் செருப்பு, குறுக்கே கிடக்கும் மின்கம்பி இவையாவும் அப்பாதையின் முட்களே!

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் உலகில் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர். அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே அதிகம். உயிர் தப்பினும், இடுப்பெலும்பு முறிந்த பலர் முன்போல் நடப்பதில்லை. ஜமாஅத்துக்கு வந்தவர் படுக்கையில் முடங்குகின்றார்.

எனவே இன்றே செய்ய வேண்டியவை சில உள. ஃபஜ்ருக்கு எழுபவர் உடனே நிற்காமல், கட்டில் ஓரத்தில் சற்று அமர்ந்து எழட்டும். இரத்த அழுத்த மாத்திரை உண்போருக்குத் திடீரென எழுந்தால் தலைசுற்றக்கூடும். இரவில் சிறு விளக்கு எரியட்டும். கழிவறைச் சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்துங்கள். துண்டு போடும் கம்பி உடலின் எடையைத் தாங்காது. ஒளூச் செய்யக் காலைத் தூக்கித் தொட்டியில் வைப்பதை விட, முக்காலியில் அமர்ந்து கழுவுவதே பாதுகாப்பு. பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்திலும் இவ்வசதிகளைச் செய்வது நிர்வாகத்தாரின் பொறுப்பாகும்.

“வாப்பா, அசையாமல் உட்காருங்கள்” என்பதை நாம் மரியாதை எனக் கருதுகின்றோம். ஆனால் அசையாத தசை மெலிகின்றது. மெலிந்த கால் எளிதில் தடுமாறுகின்றது. நாற்காலியில் அமர்ந்தபடியே ஒவ்வொரு காலாக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்கட்டும். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கட்டும். கைப்பிடியுள்ள, நகராத நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து அமரட்டும். இயன்றவர் சன்னல் கம்பியைப் பிடித்து நின்று குதிகாலை உயர்த்தட்டும். மருத்துவரைக் கேட்டுத் தொடங்கி, வாரம் மூன்று நாட்களேனும் செய்வது நன்று. நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் நிறுத்திவிட வேண்டும். அருகில் ஒருவர் இருப்பது அவசியம். அந்த ஒருவர் மகனாகவோ பேரனாகவோ இருக்கட்டும்!

பெரியோர்களே! நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரளி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இயலாதவருக்கு நாற்காலித் தொழுகை குறைவன்று. மகன் கைபிடிக்க வரும்போது மறுக்காதீர்கள். அது அவனுக்குரிய நன்மை.

சகோதரர்களே! ஜும்ஆ முடிந்து இல்லம் சென்றதும், முதலில் அந்தக் குளியலறைத் தரையைப் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் பாதங்களை உறுதிப்படுத்துவாயாக! அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பேற்றை எங்களுக்கு நல்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.