சப்பாத்துப் பக்கிள்

சப்பாத்துக்கு அழகு தரும் அணி, சப்பாத்தோடு அழிந்துபோக வேண்டும் என்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் இதனை நன்கு அறிந்திருந்தனர். 1660ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள், தம் சப்பாத்துகளில் பக்கிள் அணியத் தொடங்கியதாக இலண்டன்வாசியான சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆடவர், பெண்டிர் இருபாலார் கால்களிலும் பக்கிள் மின்னிற்று.

அக்காலப் பக்கிள் இரு உறுப்புகளைக் கொண்டது. வெளியே தெரிவது சட்டம். அது வெள்ளியாலோ பித்தளையாலோ உருக்காலோ ஆனது. சிலவற்றில் வைரம்போல் ஒளிரும் கண்ணாடிக் கற்களும் பதிக்கப்பட்டன. சட்டத்தின் பின்னே மறைந்திருந்து வாரைக் கவ்வுவது, முட்களையுடைய இரும்புப் பகுதி. இழுவையைத் தாங்குவதும், துருப்பிடிப்பதும், முறிவதும் இவ்விரும்பே. இரண்டையும் இணைப்பது குறுக்கே செல்லும் மெல்லிய அச்சு. அவ்வச்சைக் கழற்றிப் புதிய இரும்பைப் பூட்டினால், பழைய சட்டம் மீண்டும் பயன்படும். சப்பாத்துத் தேய்ந்தாலோ, பக்கிளைக் கழற்றி அடுத்த சோடிக்கு மாற்றுவர். கற்களைச் செப்பனிடுவதே கடினம். அவற்றின் அடியில் ஒளியை எதிரொளிக்கும் மெல்லிய உலோகத் தகடு உண்டு. நீர் புகின் தகடு கறுக்கும், கல் ஒளியிழக்கும். ஆதலின் அவற்றை நீரில் ஊறவைத்துக் கழுவுதல் தகாது.

பக்கிளைத் திருத்தலாம், மக்கள் விருப்பைத் திருத்துதல் எளிதன்று. அந்நூற்றாண்டின் இறுதியில் சப்பாத்துக்கு நாடா கட்டும் வழக்கம் பரவிற்று. 1791இல் பேர்மிங்காம், வால்சால், உல்வர்ஹாம்ப்டன் ஆகிய ஊர்களின் பக்கிள் தொழிலாளர் வேல்ஸ் இளவரசரிடம் முறையிட்டனர். 20,000 பேருக்கு மேற்பட்டோர் தொழிலின்றித் துன்புறுவதாக அவர்தம் விண்ணப்பம் கூறிற்று. இளவரசர் இரங்கி, தம் பணியாளரைப் பக்கிள் அணியுமாறு பணித்தார். ஆயினும் பழைய வழக்கம் மீளவில்லை.

கைவிடப்பட்ட சட்டங்கள் சில, அச்சும் இரும்பும் நீக்கப்பெற்று, பின்புறம் ஊசி பற்றவைக்கப்பெற்று, பெண்டிர் உடையில் அணியும் புரோச்சுகளாயின. எனினும் அவற்றின் பிறப்பு மறையவில்லை. பாதத்தின் மேற்புறத்துக்கு ஏற்பச் சட்டம் வளைந்திருக்கும். இரு பக்கங்களிலும் அச்சு நுழைந்த துளைகள் எஞ்சியிருக்கும். இன்று அத்தகையதொன்றைச் செப்பனிடுவோர், அவ்வளைவைத் தட்டி நேராக்காமலும், அத்துளைகளை அடைக்காமலும் விடுதல் நன்று. தொழிலிழந்த அம்மக்களுட் பலரின் பெயர்களை இன்று அறிவார் இல்லை. அவர்தம் கைத்திறனை அறிவிப்பன அவ்வளைவும் அத்துளைகளுமே.