காருக்கு ஒதுக்கிய நிலம்

(கேம்பிறிட்ஜ் நகரத்துக் கட்டளைச் சட்டம் பற்றிய சொற்பொழிவு)



இச்சபையிலே கமஞ் செய்வோரும் இருக்கிறீர்கள். கந்தோர்களிலும் நீதிமன்றங்களிலும் வைத்தியசாலைகளிலும் கடமை புரிவோரும் இருக்கிறீர்கள். இரு சாராருக்கும் பொதுவானது நிலம். ஆதலால் நிலக் கணக்கிலிருந்தே தொடங்குவோம். ஒரு காரை நிறுத்த எவ்வளவு நிலம் வேண்டும்? கார் நிற்கும் இடத்தோடு, அது நுழைந்து திரும்பி வெளியேறும் வழியையுஞ் சேர்த்தால் ஏறத்தாழ 330 சதுர அடி. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்னும் நம் யாழ்ப்பாணக் கணக்கின்படி, ஒரு பரப்புக் காணியில் எட்டுக் கார்கள் நிற்கும். எட்டுக் கார்கள் வந்து நின்றுவிட்டால் அப்பரப்பில் வெங்காயமும் விளையாது, வீடும் எழாது.

இக்கணக்கை மனத்திற் கொண்டு ஐக்கிய அமெரிக்காவைப் பாருங்கள். அந்நாட்டின் புறநகர்கள் பலவற்றில், ஆயிரஞ் சதுர அடியிற் கந்தோர் கட்டுகிறவன் நான்கு கார்களுக்குத் தரிப்பிடம் அமைத்தே தீரவேண்டும் என்பது வழக்கமான விதி. நான்கு கார்களுக்கு 1,320 சதுர அடி. மனிதர் இருந்து வேலை செய்ய ஆயிரம். அவர் ஏறிவந்த வண்டி சும்மா நிற்க அதனிலும் அதிகம்! இச்செலவெல்லாம் வாடகையிலும் பண்டங்களின் விலையிலும் ஏறிற்று. கார் வைத்திராத ஏழையும், பஸ்ஸில் வந்திறங்கிய மூதாட்டியும், தாம் ஒருநாளும் பயன்படுத்தாத தரிப்பிடத்துக்குத் தம் பங்கைச் செலுத்தி வந்தனர். இவ்வுண்மையை 2005ஆம் ஆண்டில் ஒரு பெரு நூலாக எழுதி நகரசபைகளைச் சிந்திக்க வைத்தவர் டொனால்ட் ஷூப் என்பார். கலிபோர்னிய சர்வகலாசாலையின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திற் பேராசிரியராயிருந்து 2025இல் மறைந்தவர் அவர்.

இன்று சில நகரங்கள் அவ்விதியைத் தலைகீழாகத் திருப்பியுள்ளன. புதிதாகக் கட்டிடம் எழுப்புவோன், அங்கே வருவோரின் கார்ப் பயணத்தைக் குறைப்பதற்கு வழிசெய்யவேண்டும் என்று சட்டம் இயற்றியுள்ளன. “தன் காசில் கார் வாங்கியவனைத் தடுப்பதற்கு நகரசபை யார்?” என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண ஒரு நகரத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

மசாச்சுசெற்ஸ் மாநிலத்திற் பொஸ்ரன் மாநகரை அடுத்துள்ளது கேம்பிறிட்ஜ். ஹாவார்ட் சர்வகலாசாலை இருக்கும் ஊர் என்றால் உங்களுக்கு விளங்கும். ஆறரைச் சதுர மைல் நிலம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 118,000க்குச் சற்று மேற்பட்ட மக்கள். 1948ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நெடுஞ்சாலைத் திட்டம் ஒன்று இச்சிறு நகரை ஊடறுத்துச் செல்லவிருந்தது. தொழிலாளரும் எளியோரும் குடியிருந்த தெருக்கள் வழியே அதன் கோடு கீறப்பட்டது. நூற்றுக்கணக்கான வீடுகள் இடிபடும் நிலை. செல்வர் வாழும் பகுதியில் அக்கோடு ஏன் விழவில்லை என்று நாம் கேட்கத் தேவையில்லை. எந்த நாட்டிலும் கோடு கீறுவோனின் பென்சில் எங்கே சாயும் என்பது நாம் அறியாததன்று. அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. ஊர்வலம் சென்றார்கள், மனுக் கொடுத்தார்கள், சர்வகலாசாலை அறிஞர்களைத் தம் பக்கம் சேர்த்து எதிர்த் திட்டமும் வரைந்தார்கள். 1970ஆம் ஆண்டில் மாநில ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜன்ற் அவ்வேலைகளை நிறுத்திவைத்தார். முன்பு பொதுவேலைப் பகுதிக்குத் தாமே தலைமை தாங்கியவர் அவர். நெடுஞ்சாலைகளே வழியென்று நம்பியது பிழை எனத் தொலைக்காட்சியிற் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஆட்சியிலிருப்போர் வாயிலிருந்து அத்தகைய சொல் வருவது அரிது. திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. நெடுஞ்சாலைக்கென இருந்த மத்திய அரசின் பணத்தைக் கொண்டு நிலக்கீழ் இரயில்பாதை நீட்டப்பட்டு, 1985இல் நகரின் வடமேற்கு எல்லைவரை சென்றது.

பெருஞ்சாலை வராததனாற் கார் வராது போகுமா? வீட்டை இடித்து நுழைய முடியாதது, கட்டிடத்தின் அடித்தளத்திலே தரிப்பிடமாக நுழைந்தது. காற்று மாசடைவதைத் தடுக்க 1973ஆம் ஆண்டில் மத்திய அரசின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் வர்த்தகத் தரிப்பிடங்களின் தொகைக்கு ஓர் உச்சவரம்பு இட்டது. அவ்வரம்பு இருபதாண்டுகளுக்கு மேலாக இழுபறியாய் நடந்தது. அதற்கு மாற்றாகவே 1998இல் நகரசபை தன் கட்டளைச் சட்டத்தைப் பிறப்பித்தது. 2006இல் அது நிரந்தரமாக்கப்பட்டது.

அச்சட்டம் செயற்படும் முறையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். குடியிருப்பல்லாத கட்டிடம் ஒன்றுக்குத் தரிப்பிடம் சேர்க்க விரும்புவோன், மொத்தம் ஐந்து முதற் பத்தொன்பது வரையான தரிப்பிடங்கள் உடையவனாயின், கார்ப் பயணத்தைக் குறைக்கும் ஏற்பாடுகளில் மூன்றையேனும் தெரிந்து செய்யவேண்டும். இருபதும் அதற்கு மேலும் உடையவன் ஒரு முழுத் திட்டத்தைச் சமர்ப்பித்து அங்கீகாரம் பெறவேண்டும். அத்திட்டத்தில் ஓர் எண் இருக்கும். தன் கட்டிடத்துக்கு வருவோருள் தனியாளாய்க் கார் ஓட்டி வருவோர் நூற்றுக்கு இத்தனை பேருக்கு மேற்படார் என்று அவன் உறுதியளிக்கிறான். 1990ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அவ்வட்டாரத்துக்குக் காணப்பட்ட விகிதத்திலும் நூற்றுக்குப் பத்துக் குறைவு என்பதே பொது இலக்கு.

அந்த எண்ணை எட்டும் வழி அவனுடைய விருப்பம். ஊழியருக்கு இரயில், பஸ் கட்டணத்திற் பங்கு கொடுக்கலாம். துவிச்சக்கரவண்டிகளுக்குக் கூரையுள்ள கொட்டகையும், வியர்வையோடு வருவோருக்குக் குளியலறையும் அமைக்கலாம். ஒரே திசையில் வாழ்வோரை ஒரே வண்டியில் வரச்செய்யலாம். எல்லாவற்றிலும் வலியது, தரிப்பிடத்தை இலவசமாகக் கொடாது அதன் விலையைக் கேட்பது. கலிபோர்னியா மாநிலத்தில் 1992ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, குத்தகைத் தரிப்பிடத்தை ஊழியருக்கு இலவசமாகக் கொடுக்கும் முதலாளி, அதை வேண்டாதவருக்கு அதன் பெறுமதியைப் பணமாகத் தரவேண்டும் என்று விதித்தது. அதன்படி நடந்த எட்டு நிறுவனங்களை ஷூப் ஆராய்ந்தார். தனித்துக் கார் ஓட்டி வந்தோர் நூற்றுக்கு 76ஆக இருந்து 63ஆகக் குறைந்தனர். ஒருவரையும் எவரும் தடுக்கவில்லை. காரில் வருபவனுக்கு மட்டும் கொடுத்த சலுகையை நடந்து வருபவனுக்கும் கொடுத்தார்கள், அவ்வளவே.

கேம்பிறிட்ஜ் சட்டத்தின் உயிர் இன்னொரு விதியில் இருக்கிறது. வாக்குறுதி கொடுத்தவன் அத்தோடு தப்பிவிட முடியாது. ஆண்டுதோறும் ஊழியரிடம் எவ்வாறு வந்தீர்கள் என விசாரித்து நகரசபைக்கு அறிக்கை அனுப்பவேண்டும். தரிப்பிடத்திற் புகுந்த கார்களையும் காலத்துக்குக் காலம் எண்ணிக் காட்டவேண்டும். தவறினால் ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் நாளொன்றுக்கு 10 டொலர் வரை தண்டம். தரிப்பிடத்தை மூடிவிடவும் நகரசபைக்கு அதிகாரம் உண்டு. வாக்குறுதிகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த நமக்கு, வாக்குறுதியை ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கும் சட்டம் ஒன்றைக் காண்பது மனத்துக்கு இதமாயிருக்கிறது என்பதை மறைக்கமாட்டோம்.

பலன் என்ன? இந்நகரின் கெண்டல் சதுக்கம் மருந்தாராய்ச்சிக் கம்பனிகள் நெருங்கிய இடம். 2000ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டுகளில் அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 46 இலட்சஞ் சதுர அடிக் கட்டிடங்கள் எழுந்தன. அத்தனை கட்டிடம் எழுந்தும் முக்கிய தெருக்களிற் கார்களின் தொகை குறைந்தது. சில இடங்களில் 14 வீதம் வரை குறைந்ததாக நகரசபையின் கணக்குக் காட்டிற்று. எல்லாப் புகழையும் சட்டத்துக்கே சூட்டல் நேர்மையாகாது. அருகிலே இரயில் இருந்தது; துவிச்சக்கரவண்டியை விரும்பும் இளைஞரும் அங்கே அதிகம். ஆயினும் கட்டிடம் பெருகினால் நெரிசலும் பெருகியே தீரும் என்ற பழைய பல்லவி அங்கே பொய்த்தது. 2022ஆம் ஆண்டில், புதிய கட்டிடங்களுக்கு இத்தனை தரிப்பிடம் கட்டாயம் என்ற விதியையே, வீடுகள் உட்பட, அந்நகரசபை நீக்கிவிட்டது.

இனி, முன்னே எழுந்த கேள்விக்கு வருவோம். காருக்கு நிலம் ஒதுக்கு என்று பல்லாண்டுகள் கட்டாயப்படுத்தியதும் சட்டந்தான். அப்பொழுது கார் இல்லாதவனுடைய சுதந்திரத்தைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே நகரசபை இதிலே தலையிடலாமா என்ற வாதம் காலங் கடந்தது. எவர் பக்கம் தலையிடுகிறது என்பதே கேட்கத் தகுந்த கேள்வி.

அக்கேள்வியை இச்சட்டத்தை நோக்கியும் கேட்போம். இரவில் ஆய்வுகூடத்தைத் துடைத்துச் சுத்தஞ் செய்பவள் எங்கே வாழ்கிறாள்? கேம்பிறிட்ஜின் வாடகை அவளுக்குக் கட்டாது. தொலைவிலே குடியிருக்கிறாள். பின்னிரவில் இரயிலும் ஓய்ந்துவிடும். தரிப்பிடத்துக்கு விலை கேட்டால், ஆராய்ச்சி விஞ்ஞானி இரயிலேறிப் போவார். அவள் அவ்விலையைக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். இதைக் கவனியாத நகரசபை, நெடுஞ்சாலைக் கோட்டைக் கீறியவர்களின் தவற்றையே வேறொரு பென்சிலாற் செய்கிறது என்போம். மாற்றுத்திறனாளருக்கு உரிய தரிப்பிடம் சட்டத்தாற் காக்கப்படுகிறது. இரவுத் தொழிலாளிக்கு அத்தகைய காப்பு இல்லை.

மேலும், இத்தகைய சட்டம் இரயிலின் முதுகில் ஏறி நிற்பது. இரயில் தளர்ந்தாற் சட்டமும் தளரும். பொஸ்ரன் பகுதியின் போக்குவரத்துச் சபை தண்டவாளங்களைப் பல்லாண்டுகள் பழுதுபார்க்காது விட்டதன் விளைவாக, 2023 மார்ச் மாதத்தில் நிலக்கீழ் இரயில்பாதை முழுவதிலும் வேகத்தைக் குறைக்கவேண்டி நேர்ந்தது. கெண்டல் சதுக்கத்துக்குச் செல்லும் பாதையும் அதில் அடங்கும். ஊழியரைக் காரிலிருந்து இறக்கிய நகரசபைக்கு அந்த இரயில்மீது அதிகாரம் இல்லை. அது மாநிலத்தின் கையில் இருப்பது. தண்டவாளங்கள் படிப்படியாகத் திருத்தப்பட்டு, 2024 டிசம்பரில் கடைசி வேகத் தடையும் நீங்கிற்று. அந்த இடைக்காலம் முழுவதும், காலையில் மேடையிலே காத்து நின்று தாமதமாக வேலைக்குப் போனவர்கள், காரை விடும்படி கேட்கப்பட்ட அதே ஊழியர்களே.