நடு மாதங்களின் கணக்கு

(சுகாதாரத் துறை அலுவலர்களும் பொருளியல் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன், பொருளியல் பயின்றவன். கருவுற்ற தாய்மாரின் மருத்துவத்தைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே. காலம் என்னும் வளத்தை நமது திட்டங்கள் எவ்வாறு செலவிடுகின்றன என்பதைப் பல ஆண்டுகளாகக் கோப்புகளின் வழியே கவனித்து வந்திருக்கிறேன். ஆகவே கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் முடியவுள்ள காலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அது அமைதியான காலம். மசக்கை ஓய்ந்துவிடுகிறது, பேறுகால அச்சம் இன்னும் நெருங்கவில்லை. பெண் வயல் வேலைக்குச் செல்கிறாள், தண்ணீர் சுமக்கிறாள். 'நன்றாகத்தானே இருக்கிறாள்' என்கின்றனர் வீட்டார். நமது நிர்வாகமும் ஏறக்குறைய அவ்வாறே எண்ணிவிடுகிறது.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். முதல் மூன்று மாதங்களுக்குள் மருத்துவப் பரிசோதனை பெற்ற தாய்மார் நூற்றுக்கு 70 பேர். மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்த பிரசவங்கள் நூற்றுக்கு 88.6. 2015-16இல் இவை முறையே 58.6, 78.9 ஆக இருந்தன. இரு முனைகளிலும் கண்ட இம்முன்னேற்றம் பாராட்டுக்குரியதே. ஆனால் குறைந்தது நான்கு முறை பரிசோதனை பெற்றோர் 58.1 விழுக்காட்டினர்தாம். இரும்புச் சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை 180 நாட்கள் உட்கொண்டதாகக் கூறியோர் 26 விழுக்காட்டினர் மட்டுமே. 88.6க்கும் 26க்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பற்றியதே எனது உரை.

அந்த 180 என்னும் எண்ணைச் சற்று ஆராய்வோம். மாத்திரை நான்காம் மாதத்தில், அதாவது பதினான்கு வாரம் நிறைந்ததும் தொடங்கப்பெறுகிறது என்று கொள்வோம். நாற்பது வாரக் கர்ப்பத்தில் எஞ்சியிருப்பவை 26 வாரங்கள். அதாவது 182 நாட்கள். ஆக, நம் கையில் உள்ள உபரி இரண்டே நாட்கள். ஆறாம் மாத முடிவில் முதல் பட்டையைப் பெறும் பெண், ஒரு நாளும் தவறாது உட்கொண்டாலும், பேறுகாலத்திற்குள் 180ஐ எட்ட இயலாது. மாத்திரைகளின் கையிருப்பை இரு மடங்காக்கலாம். நாட்களை ஆக்க முடியாது. பற்றாக்குறை வளத்தைப் பற்றிப் பாடநூலில் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த அவசரத்திற்கு உடலியற் காரணம் உண்டு. கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு பெருகுகிறது. அப்பெருக்கத்தின் பெரும்பகுதி நடு மாதங்களில் நிகழ்கிறது. சிவப்பணுக்கள் அதே வேகத்தில் பெருகுவதில்லை. கர்ப்பம் முழுவதற்கும் தேவையான இரும்பு சுமார் ஒரு கிராம். தானியத்தையே பெரிதும் நம்பிய நமது உணவிலிருந்து உடல் ஈர்த்துக்கொள்ளும் இரும்போ மிகச் சொற்பம். நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது கர்ப்பிணிக்கு இரத்தச் சோகை. 7க்குக் கீழ் கடுமையானது. ஐந்தாம் மாதத்தில் 9 கிராம் எனக் கண்டறியப்படும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு இரு மாத்திரைகள் கொடுத்து, ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏறியதா என்று பார்த்து, ஏறாவிடில் மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்ப அவகாசம் இருக்கிறது. எட்டாம் மாத இறுதியில் 6.5 எனக் கண்டறியப்படும் பெண்ணுக்கு அந்த அவகாசம் இல்லை. நரம்பு வழி இரும்பு மருந்து, இரத்தம் ஏற்றுதல், வாடகை வண்டி, கணவனின் கூலி இழப்பு என்று செலவு பெருகுகிறது. பிரசவத்தில் சாதாரணப் பெண் தாங்கிக்கொள்ளக்கூடிய இரத்தப் போக்கு அவளது உயிரைக் கொள்ளை கொண்டுவிடக்கூடும்.

இரத்தச் சோகைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1970இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து, மேற்கூறிய ஆய்வில், கர்ப்பிணிகளுள் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை இருந்தது. இதற்கு மாத்திரை வழங்கல் மட்டும் காரணமன்று. எனினும் வழங்கியது வேறு, விழுங்கியது வேறு என்பதை நமது பதிவேடுகள் அறிவதில்லை. களப் பயணம் ஒன்றில், ஒரு பெண் பிரிக்கப்படாத மூன்று பட்டைகளைக் கூரை இடுக்கிலிருந்து எடுத்துக் காட்டினாள். மலம் கறுத்துப் போவது கண்டு பயந்துவிட்டாளாம். குழந்தை பெருத்துவிட்டால் பிரசவம் கடினமாகும் என்று மாமியாரும் சொல்லியிருந்தார். இரு அச்சங்களையும் ஐந்து நிமிடப் பேச்சில் போக்கியிருக்கலாம். தேநீருடன் விழுங்காதே, கால்சிய மாத்திரையோடு சேர்த்து உண்ணாதே, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள் என்பவற்றையும் அதே ஐந்து நிமிடங்களில் சொல்லிவிடலாம். துணைச் சுகாதார நிலையப் பதிவேட்டிலோ அவள் பெயருக்கு நேரே 'மாத்திரை வழங்கப்பட்டது' என்றிருந்தது. அதில் பொய் ஏதும் இல்லை.

அந்த ஐந்து நிமிடங்கள் எப்போது கிடைக்கும்? நமது வழிகாட்டு நெறிகளின்படி குறைந்தது நான்கு பரிசோதனைகளில் இரண்டாவது, 14ஆம் வாரத்திற்கும் 26ஆம் வாரத்திற்கும் இடையே வருவது. நடு மாதங்களுக்கு உறுதியாக உள்ளது அது ஒன்றே. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்த எட்டுச் சந்திப்புகளில் 20ஆம், 26ஆம் வாரங்களுக்கு இரண்டு உண்டு. நமது ஒரே சந்திப்பில் குடற்புழு நீக்க மருந்தும் தரவேண்டும், இரத்த அழுத்தமும் பார்க்கவேண்டும். இருபதாம் வாரத்திற்குப் பின் தோன்றும் அழுத்த நோயை இனங்காண, அதற்கு முன் எடுத்த அளவு ஒன்று ஏட்டில் இருந்தாக வேண்டும். 24 முதல் 28 வாரங்களுக்குள் சர்க்கரைச் சோதனையும் மறுபடி செய்யவேண்டும். 75 கிராம் குளுக்கோசு குடித்த இரண்டு மணி நேரத்தில் 140 மில்லி கிராமை எட்டினால் கர்ப்பகால நீரிழிவு என்பது நம் நாட்டு முறை. வெறும் வயிற்றுடன் வரத் தேவையில்லை என்பது கூலிப் பெண்ணுக்கு எத்துணைச் சலுகை என்பதை நகரத்தார் எளிதில் உணர்வதில்லை.

2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாளன்று நான்காம் மாதம் கடந்த கர்ப்பிணிகளுக்கு மருத்துவரே இலவசப் பரிசோதனை செய்யும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஊக்கத்தொகையின் வரலாறு அத்துணை நேரானதன்று. 2017இல் தொடங்கிய பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில், முதற் குழந்தைக்கான 5,000 ரூபாயில் 2,000 ரூபாய், ஆறு மாதம் கடந்து ஒரு பரிசோதனையேனும் செய்துகொண்ட பின் வழங்கப்பட்டது. 2022க்குப் பின் தவணைகள் இரண்டாக்கப்பட்டு, பதிவும் ஆறு மாதத்திற்குள் ஒரு பரிசோதனையும் முடிந்ததும் 3,000 ரூபாய் கிடைக்கிறது. தாள் வேலை குறைந்தது உண்மை. ஆயினும் மூன்றாம் மாதத்தில் நடந்த ஒரே பரிசோதனையே நிபந்தனையை நிறைவேற்றிவிடும். அதன்பின் மகப்பேறு வரை பணத்தின் அழைப்பு ஏதுமில்லை. ஊக்கத்தொகையின் தவணையை நாள் பார்த்து அமைப்பது தொகையைக் கூட்டுவதற்கு நிகரானது என்பது எனது சொந்தக் கருத்து.

இன்னும் ஒன்று. நாட்டின் பல பகுதிகளில் முதற் பிரசவத்திற்குப் பெண் ஏழாம் மாதத்தை ஒட்டித் தாய்வீடு செல்கிறாள். புகுந்த ஊரின் பதிவேட்டில் அவள் 'வெளியூர் சென்றவர்'. பிறந்த ஊரில் தாமதமாகப் பதிவு செய்துகொண்டவர். இரு ஊர்களுக்கும் இடையே பாலமாக இருப்பது அவள் கையிலுள்ள தாய் சேய் பாதுகாப்பு அட்டை ஒன்றே. ஆறாம் மாதப் பரிசோதனையின்போது, 'பிரசவம் எந்த ஊரில்?' என்று செவிலியர் கேட்டு, அதுவரை எடுத்த ஹீமோகுளோபின் அளவுகளையும் எஞ்சிய மாத்திரைகளின் எண்ணிக்கையையும் அட்டையில் எழுதி, வழிக்கான பட்டைகளையும் கொடுத்தனுப்பலாம். அலுவலர்கள் அடுத்த தணிக்கைக்குச் செல்லும்போது, 'வெளியூர் சென்றவர்' எனக் குறித்த பெயர்களில் பத்தை எடுத்து, அவர்கள் சென்ற ஊர்ப் பதிவேட்டில் அப்பெயர்கள் எந்த மாதத்தில் மறுபடி தோன்றுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.