குழாய் விழுங்காமலே வயிற்று நோயை அறிதல்

(உத்திரமேரூர் வட்டார ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நெற்பயிர் வாடினால், பூச்சியா, நீர்க்குறையா என்று அறிந்த பின்னரே நாம் மருந்து தெளிக்கிறோம். வயிறு எரிந்தால் மட்டும் காரணம் தேடுவதில்லை. சோடாவையும் கடை மாத்திரையையும் நம்பி ஆண்டுக்கணக்கில் காலந்தள்ளுகிறோம்.

சென்ற அறுவடையின்போது ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். முப்பது வயதைத் தாண்டாத உழவர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு களத்துமேட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆறு ஆண்டு வலி என்றார். மருத்துவரிடம் ஏன் செல்லவில்லை என்று வினவினோம். "வாயில் குழாய் விடுவாங்களாம் ஐயா! அதுக்கு இந்த வலியே மேல்" என்றார். அந்த அச்சத்தைப் போக்கவே இன்று பேசுகிறோம்.

காரமும் கவலையுமே வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர்கள், இரைப்பையில் வாழும் சுருள் வடிவக் கிருமியொன்றை 1982இல் வளர்த்துக் காட்டினர். 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து நோயுற்று உண்மையை மெய்ப்பித்தார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் பெயர். அது தொற்றிய பலருக்குத் துன்பம் இராது. சிலருக்குப் புண்ணும், மிகச் சிலருக்குப் புற்றுநோயும் உண்டாகலாம்.

இதனை மூச்சைக்கொண்டே அறியலாம். வயலில் இடும் யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன அல்லவா? இக்கிருமியும் இரைப்பையில் அவ்வேலையையே செய்கிறது. வெறும் வயிற்றில் வருபவரை முதலில் ஒரு பையில் ஊதச் செய்வர். அடையாளமிட்ட மருத்துவ யூரியாவைச் சிறிதளவு பருகத் தருவர். அரை மணி அளவில் மீண்டும் ஊதச் செய்வர். கிருமி இருப்பின், அடையாளமிட்ட கரியமில வாயு மூச்சில் மிகுந்து வெளிப்படும். உர மூட்டையிலுள்ள யூரியாவை எவரும் வாயில் இடலாகாது! மலத்தைச் சோதித்தும் இக்கிருமியை அறியலாம். அமில மாத்திரையை இரண்டு வாரமும், கிருமிக்கொல்லி மருந்தை நான்கு வாரமும் தவிர்த்திருந்தால்தான் முடிவு சரியாக இருக்கும். எதையும் மருத்துவரைக் கேட்டே நிறுத்துக. சிகிச்சை முடிந்து நான்கு வாரம் கழித்து மறுபடியும் சோதித்தல் வேண்டும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. மலம் கறுத்துப் போதல், இரத்த வாந்தி, உடல் மெலிதல், விழுங்குவதில் தடை ஆகியவை தோன்றினாலோ, முதிய வயதில் புதிதாக வலி கண்டாலோ, மூச்சுச் சோதனை போதாது. குழாய்ச் சோதனையே உயிர் காக்கும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும் என்பதை மறவாதீர்.

ஊராட்சியின் கடமை யாது? இக்கிருமி பெரும்பாலும் இளமையிலேயே தொற்றுகிறது. தூய்மைக் குறைவு அதற்குத் துணை நிற்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஏரி வாரியம் அமைத்ததைக் கல்லில் பொறித்த ஊர் நம் உத்திரமேரூர். மேல்நிலைத் தொட்டியைக் காலந்தவறாது கழுவுவதும் குளோரின் இடுவதும் நமக்கு அரிதல்ல. நாட்பட்ட வயிற்று வலியுடையோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புமாறு கிராம சபையில் எடுத்துரையுங்கள்.

முன்னர்க் கூறிய உழவர் மூச்சுச் சோதனை செய்துகொண்டார். இரு வாரம் மருந்துண்டார். இப்பருவத்தில் அவரே ஏர் ஓட்டுவதைக் கண்டு மகிழ்ந்தோம். ஆறு ஆண்டுகளை அச்சம் தின்றது. வேறொருவர் வாழ்வில் அது நேராதிருக்கட்டும்.