அடைகல்லை எடைக்குப் போடுமுன்

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினாலே, தஞ்சைப் பக்கத்துக் கொல்லர் பட்டறைகளில் ஒரு காலத்தில் மண்வெட்டிகள் குவியும். அறுவடை இயந்திரம் வந்தபின் பட்டறைகள் குறைந்தன; விளிம்பு உடைந்த அடைகற்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

போடுமுன் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். அது துள்ளி எழுந்தால் உருக்கு முகம் இன்னும் உறுதிதான். முகம் முழுவதையும் அரைக்க வேண்டாம். அந்தக் கடினமான பரப்பு மெல்லியது, தேய்த்தால் திரும்பாது. உடைந்த விளிம்பை மட்டும், கல்லை நன்றாகச் சூடேற்றிய பின், வெல்டிங்கால் நிரப்பி மெல்ல ஆறவிடலாம். குளிர்ந்த கல்லில் வைத்தால் விரிசல் விடும். நடுவில் சிறு பள்ளமா? இருக்கட்டும், வளைந்த கம்பியை நிமிர்த்த உதவும்.

சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், அடைகல் அருகே நெருப்பில் வாடும் கொல்லரைக் காட்டி, அத்தகையோர் இன்றி ஊரே அமையாது என்கிறது. அவர்களுடைய தொழிலே மன்றாட்டாம்!

நம் பங்கில் மூடிய பட்டறை ஏதும் இருந்தால், எடைக்காரர் வருமுன் நாம் போவோம்.